ஆறாம் வாரத்துப் புத்தகம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்குத் தேர்வு முடிந்துவிட்டது. கணக்கில் மட்டும் நினைத்ததைவிடக் குறைவு. உன் அறையை ஒழுங்காக வைத்திருக்கிறோம். உன் மேசை முன்னால் இப்போது அப்பா உட்காருகிறார். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நீ இறையியல் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா எவ்வளவு மகிழ்ந்தார் என்பது உனக்குத் தெரியும். ஒரு போதகருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து 'பரிந்துரைக்கப்படும் நூல்கள்' என்ற பட்டியல் வந்த அன்று எல்லாம் மாறிவிட்டது. வேதத்தை எழுதியவர்கள் யார், எப்போது, எத்தனை பேர் என்று கேட்கும் புத்தகங்கள். "விசுவாசத்தைக் கரையான் மாதிரி அரிக்கிற படிப்பு" என்றார் அப்பா. "படிக்காமலே தீர்ப்புச் சொல்றீங்களே" என்றாய் நீ. அதன்பின் நீங்கள் இருவரும் பேசவில்லை. இந்த விடுமுறைக்கு வரமாட்டாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அம்மா அதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ போன மறுநாளே அப்பா அந்தப் பட்டியலை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டார். அதில் போட்டிருக்கும் வரிசைப்படி, வாரவாரமாக. ஒரே வாரத்தில் மூன்று அடக்க ஆராதனைகள் வந்தபோதுகூட அந்த வாரத்துப் புத்தகத்தை முடித்துவிட்டார். "எதிராளி என்ன சொல்றான்னு தெரியாம எப்படிப் பதில் சொல்றது?" என்று காரணம் சொன்னார். "எதிராளி யாரு, நீங்க பெத்த பிள்ளையா?" என்று அம்மா கேட்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

புத்தகங்களை நான்தான் என் நூலக அட்டையில் எடுத்துவருகிறேன். அங்கே பதிவு செய்து கொடுப்பவர் நம் சபைச் செயலாளரின் மனைவி என்பதால் அப்பா போகத் தயங்கினார். மூன்றாம் வாரம் எழுநூறு பக்கத்தில் ஒன்றை நீட்டியபோது அந்த ஆன்ட்டி, "ஏன் பாப்பா, ஒன்பதாம் வகுப்புல கதைப் புத்தகம் படிச்சா ஆகாதா?" என்றார். "ஆராய்ச்சி, ஆன்ட்டி" என்றேன். அது பொய் இல்லை. யாருடைய ஆராய்ச்சி என்று அவர் கேட்கவில்லை.

அந்த வார இறுதியில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "தப்பா நினைக்காதீங்க பாஸ்டர் ஐயா, பாப்பாவைக் கொஞ்சம் கவனிங்க. புள்ள போற போக்கு சரியில்ல" என்றார். "கவனிக்கிறேம்மா" என்று சொல்லி அப்பா அவரை வாசல்வரை வழியனுப்பினார். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எனக்காக ஜெபித்தார்கள். ஞாயிறு பள்ளியில் நான் எடுத்துவந்த சின்னப் பிள்ளைகள் வகுப்பையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த வகுப்பு நேரத்தில் எழுநூறு பக்கத்தில் நூற்றுப் பத்து படித்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை சபைக்குழு கூடியது. அப்பா எழுந்து, அந்தப் புத்தகங்களைப் படிப்பது மகள் இல்லை, தான்தான் என்று சொல்லிவிட்டாராம். வகுப்பை எனக்கே திருப்பித் தரவேண்டும் என்றும் சொன்னாராம். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குய்யா இதெல்லாம்?" என்று செயலாளர் கேட்டதற்கு, "என் பையன் படிக்கிறான்" என்றாராம். அவ்வளவுதான் பதில். குழுவில் இருக்கும் பல் மருத்துவர் அம்மாவிடம் சொன்னதால் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது ஆறாம் வாரத்தில் நிற்கிறார். அந்த வாரத்துப் புத்தகம் எங்கள் நூலகத்தில் இல்லை. உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் என்கிறார்கள். நேற்றுக் காலை நான் பள்ளிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார். "அண்ணனுக்கு எழுதறப்போ அந்தப் புத்தகம் கிடைக்குமான்னு கேளு. உனக்கு வேணும்னு கேளு" என்றார். எனக்கு எதற்கு என்று கேட்டேன். "நீதான் ஆராய்ச்சி பண்றியாமே" என்றார். சபைக்குழுவில் பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னதை உனக்கு ஒரு வரி எழுத ஏன் முடியவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

ஆகவே அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும். இனி வருவது நான் சொல்வது.

அப்பா மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே. அவருடைய குறிப்பேட்டைப் பார்த்தேன். பாதிக்குமேல் மறுப்புத்தான், அதுவும் கோபமான கையெழுத்தில். ஆனால் ஓரத்தில் பதினோரு இடங்களில் 'பெரியவனைக் கேட்க வேண்டும்' என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். அவற்றில் இரண்டுக்கு எனக்கே பதில் தெரியும். நான் சொல்லப் போவதில்லை.

புத்தகத்தைத் தபாலில் அனுப்பாதே. நூலகத்துப் புத்தகம், தொலைந்தால் வம்பு. விடுமுறையில் நீயே கொண்டுவா. வாசல் மணி அடித்தால் இப்போதெல்லாம் அப்பாதான் முதலில் எழுந்துபோகிறார், கதவை அவர்தான் திறப்பார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தாலும், தயவுசெய்து, புத்தகத்தை என் கையில் கொடுத்துவிடாதே.

உன் வரவுக்காக ஜெபிக்கும்
தங்கை