பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து

1793 ஆகஸ்ட் 29, ஜெர்சி தீவு

மழை. ஜூடித் அம்மாள் இன்றும் முட்டைக்கோஸ் சூப்தான் வைத்தாள். குறை சொல்லவில்லை. நாடு கடத்தப்பட்ட கத்தோலிக்கப் பாதிரிக்கு அறை கொடுக்க ஒரு புராட்டஸ்டன்ட் வீட்டுக்காரிக்கு மனசு வேண்டும். அவள் கேலிக்கும் குறைவில்லை.

"சாமி, உங்க புரட்சி அரசாங்கத்துக்குக் கட்டுப்படறேன்னு அந்த ஒரு சத்தியத்தைப் பண்ணியிருந்தா, இந்நேரம் பெசான்சோன்ல கணக்குப் பேராசிரியரா சுகமா இருந்திருப்பீங்கல்ல?"

"பொய்ச் சத்தியம் பண்ணிட்டு எந்த மூஞ்சியோட கணக்குச் சொல்லித்தர்றது?" என்றேன். பின்னல் ஊசியை நிறுத்தாமல் சிரித்தாள்.

செப்டம்பர் 1

என் பழைய மாணவன் அன்செல்ம் உயிரோடு இருக்கிறான்! அவனும் சத்தியம் செய்ய மறுத்த பாதிரி. எதிரே நார்மண்டிக் கரையில் ஒரு வைக்கோல் கொட்டகையில் ஒளிந்திருக்கிறான். பிடிபட்டால் தலை போகும்.

ஜூடித்தின் கணவர் கிளெமான் படகில் அழைத்துவரச் சம்மதித்துவிட்டார். அங்கே கடல்நீர் உள்ளே புகும் ஒரு கழி. அதன் வாயில் பாறை. மாதத்திலேயே கடல் அதிகமாக ஏறும் நாளில்தான் படகு அதைத் தாண்டும். அதனால் நிலையான காவல் இல்லை, எப்போதாவது ரோந்து வருவதோடு சரி. எந்த நாள்? கேட்கலாம் என்றால் கிளெமான் மீனுக்குப் போய்விட்டார். எனக்கு எதற்கு அவர்? சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் நாள்: அமாவாசைக்குள் கடிதம் போய்ச் சேராது, ஆக பௌர்ணமி, 20ஆம் தேதி, மாலை. அரை மணியில் முடிந்தது. அன்செல்முக்கு அந்தத் தேதியை எழுதி, அக்கரை போகும் வியாபாரியிடம் கடிதத்தைக் கொடுத்தாயிற்று.

செப்டம்பர் 5

சூரிய கிரகணம். நான் சொன்னபடியே தொடங்கியது. ஜூடித் புகைக்கரி படிந்த கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "சாமி, நீங்க சொன்னாத்தான் வானமே நடக்குது போல" என்றாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

செப்டம்பர் 7

துறைப் படிக்கட்டில் நின்றேன். அமாவாசையன்று, 5ஆம் தேதி, கடல் பதினான்காம் படிவரை வந்தது. இன்று பதினாறு.

இரண்டு படி அதிகம். ஏன்?

வலை உலர்த்திக்கொண்டிருந்த கிளெமானைக் கேட்டேன். "அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ரெண்டு நாள் கழிச்சுத்தானே சாமி பெரிய தண்ணி? இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

எனக்குத் தெரியாது. மலைநாட்டில் வளர்ந்தவன் நான்; ஐம்பத்தொரு வயதில், போன வருஷம்தான் முதல்முறையாகக் கடலைப் பார்த்தேன்.

செப்டம்பர் 8

வியாபாரி அக்கரையிலேயே தங்கிவிட்டான். வேறு கடிதம் அனுப்ப வழியில்லை. 20ஆம் தேதியே போவோம் என்று கிளெமானிடம் கெஞ்சினேன்.

"போனா பாறையில படகு கிழியும். ரெண்டு பாதிரி, ஒரு படகோட்டி, மூணு பேரும் போவோம். சரியா?"

22க்குத்தான் வருவாராம். நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 14

ஜெபம் ஓடவில்லை.

செப்டம்பர் 20

மாலை. நிலா கிளம்பிவிட்டது, பெரிதாக, அழகாக. இப்போது அவன் அங்கே நிற்பான். முழங்கால் உயர நாணலைத் தவிர மறைவில்லாத சதுப்பு. ரோந்துக்காரன் கண்ணுக்குத் தப்ப முடியாது. டேய், போயிடுடா. நிக்காத. நான் சொன்னதை நம்பாத. அடக் கடவுளே, என்ன பண்ணிட்டேன் நான்!

செப்டம்பர் 23

நேற்று இரவு எட்டு மணி வாக்கில் படகு பாறையை உரசாமல் தாண்டியது. கரை காலியாகக் கிடந்தது. வாய்விட்டுக் கூப்பிடவும் முடியாது. கிளெமான், "நூறு எண்ணுறேன் சாமி, அப்புறம் திரும்பிடுவேன்" என்றார். அறுபதைத் தாண்டியபோது நாணலுக்குள்ளிருந்து ஒருவன் எழுந்து நடந்து வந்தான். அன்செல்ம். நான் தேம்பி அழுதேன்.

"முந்தாநாள் எத்தனை நேரம்டா நின்ன?"

"முந்தாநாள் நான் வரவே இல்லையே ஐயா. உங்க கடிதம் வந்ததும், உப்புக் காய்ச்சுற ஒரு அம்மாகிட்ட தேதியைக் கேட்டேன். 'பெரிய தண்ணி அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான். உங்க வாத்தியார் மலைநாட்டுக்காரரா?'ன்னாங்க. படகுக்காரருக்காவது விஷயம் தெரிஞ்சிருக்கும்னு இன்னைக்கு வந்தேன்."

கிளெமான் துடுப்பைப் பிடித்தபடி வழியெல்லாம் சிரித்தார். நானும்தான்.

அன்செல்ம் என் கட்டிலில் தூங்குகிறான். இருபது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒருவனாவது என் விடையைச் சரிபார்த்திருக்கிறான்.