பெட்ரோல் மாமா பங்கு போட்ட மாத்திரை

அன்பு மகனுக்கு அம்மா சொல்லி, பாப்பா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதச் சொல்லத்தான் வாயெடுத்தேன், பாப்பா பேனாவை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள், அதனால் அந்த வரியை விட்டுவிட்டோம். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன் உன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, நான் பேசினால் அவர் காதில் விழும். பாப்பா இதைப் படம் பிடித்து மாடிவீட்டு டீச்சரின் போனிலிருந்து உனக்கு அனுப்புவாள். டீச்சரிடம் போய்க் கேட்கவே அவளுக்குக் கூச்சம், உனக்காகத்தான் கேட்கிறேன் என்றாள்.

இத்தனை வருஷம் அப்பாவோடு ஒட்டிக்கிடந்த பெட்ரோல் மாமா போய்விட்டார். பெட்ரோல் பங்கில் வேலை முடிந்து வந்தவர் டீக்கடை வரிசையில் நின்றபடியே தரையில் உட்கார்ந்தாராம், பின்னால் நின்றவர் காசு கீழே விழுந்து தேடுகிறார் என்று நினைத்தாராம். உன்னிடம் மாரடைப்பு என்று மட்டும் அப்பா சொன்னார் அல்லவா, மீதியை அவர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன்.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரே மாதிரி நெஞ்சு பலவீனம், ஒரே மாதிரி கால்வீக்கம், ஒரே ஆஸ்பத்திரி என்பது உனக்குத் தெரியும். மேல்படிப்பு படிக்கிற டாக்டரம்மா ஒரு சின்ன ஆராய்ச்சி நடத்துகிறார், வழக்கமான மாத்திரைகளோடு புதிதாக இன்னொன்று சேர்த்தால் வீக்கம் வடிகிறதா என்று பார்க்க, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாவு மாத்திரை, யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது, இப்படித்தான் முறை, தைரியமாகச் சேருங்கள் என்று லேபில் இதே வேலையில் இருக்கிற நீதானே போனில் விளக்கினாய். இரண்டு பேரும் சேர்ந்தார்கள். மாணவர்கள் கூட்டமாக வந்து கணுக்காலுக்கு மேலே விரலை அழுத்தி குழி விழுகிறதா என்று பழகிப் பார்த்துவிட்டுப் போவார்கள். "என் காலை அமுக்கியே பாதி ஊருக்கு டாக்டர் வந்துட்டாங்க" என்று அப்பா பெருமையடிப்பார். "அப்போ காலேஜ்ல உன் காலுக்குத் தனி ரூமே கேட்டு வாங்குய்யா" என்று மாமா அங்கேயே கிண்டல் செய்வார், நர்ஸ் வந்து அதட்டுவாள்.

அதோடு விட்டிருந்தால் சரி. அப்பா ஒரு பழைய இஞ்சு டேப்பை இரண்டாக வெட்டி ஆளுக்கு ஒன்று வைத்து, காலையில் தையல் கடை திறந்ததும் முதல் வேலையாக இரண்டு பேர் கணுக்காலையும் அளப்பார். காலைச் சுற்றி டேப்பின் முனை எந்த இடத்தில் வந்து தொடுகிறதோ அங்கே ஒரு குண்டூசி. யூனிபார்ம் தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்பார்கள், உள்ளே இவர்கள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் மாமாவின் ஊசி உள்ளே உள்ளே வந்தது, அப்பாவின் ஊசி இருந்த இடத்திலேயே இருந்தது. உடனே மாமா முடிவு கட்டிவிட்டார். "எனக்கு மருந்து, உனக்கு மாவு. இது என்னய்யா நியாயம், ஒரே பெஞ்சுல உக்காந்து ஒரே நாள்ல வாங்கினோம்" என்று சொல்லி இரண்டு பேருடைய ஆராய்ச்சி மாத்திரை பாட்டிலையும் துணி வெட்டுகிற மேசைமேல் கொட்டினார். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. நன்றாகக் கலந்து, மரஸ்கேலால் நடுவில் ஒரு கோடு இழுத்து, "இந்தப் பக்கம் உன்னுது, அந்தப் பக்கம் என்னுது" என்றார். அப்பா வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார். டீ கொண்டுபோன நானும் பார்த்தேன், சின்னப் பிள்ளைகள் மாதிரி என்று சிரித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு புது பாட்டில் வரும்போதெல்லாம் இதே கதைதான்.

கலந்த பிறகு அப்பாவுக்கு வீக்கம் வடிந்தது. செருப்பு சேர்ந்தது, மாடிப்படி ஏறினார், உனக்குப் போன் செய்து குஷியாகப் பேசினாரே, அப்போதுதான். மாமாவுக்கு வீக்கம் திரும்பி வந்தது. "உனக்கு வடியுதில்ல, அது போதும், என்னோடது மெதுவா வடியும்" என்பாராம். அப்புறம்தான் டீக்கடை.

காரியமெல்லாம் முடிந்து அத்தை கடைக்கு வந்தது. மாமாவின் மிச்ச பாட்டிலைத் தையல் மெஷின்மேல் வைத்து, "அண்ணா, இதுல உங்க பங்கும் இருக்குன்னு அவரு சொல்லுவாரு, வீணாக்க வேணாம்" என்றது. பாவம், அதுக்கு என்ன தெரியும். அப்பா அன்றைக்குக் கடையைச் சாத்தினவர்தான், திறக்கவேயில்லை. ஆராய்ச்சி மாத்திரையை மட்டும் இல்லை, வழக்கமான மாத்திரைகளையும் விட்டுவிட்டார். "அவனுக்குப் போகவேண்டிய மருந்துல பாதியை நான் முழுங்கிட்டேன், அதுல தேறி உக்காந்திருக்கேன், இனி எந்த மருந்து என் தொண்டையில இறங்கும்" என்கிறார். கெஞ்சியாச்சு, சண்டை போட்டாச்சு, சாப்பாட்டில் நசுக்கிக் கலக்கிப் பார்த்தாச்சு, தட்டைத் தள்ளிவிட்டார். கால் திரும்பவும் பளபளவென்று வீங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்தபடிதான் கண்ணயர்கிறார். டேப்பைப் பக்கத்தில் கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பொறுக்கமுடியாமல் நானே டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். பாட்டில் கலந்த கதையைச் சொன்னதும் அந்தப் பெண் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். திட்டவில்லை. "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா" என்று மட்டும் கேட்டாள். சின்ன ஆராய்ச்சியாம், இருப்பதே கொஞ்சம் பேர், இந்த இரண்டு பேர் கணக்கில் வரமாட்டார்களாம். நமக்குத் தோன்றவில்லை தம்பி, நம் வீட்டில் ஒரு பிஸ்கட் வந்தாலும் உடைத்துத்தானே கொடுப்போம். ஆராய்ச்சியில் இருக்கிறவர் இறந்தால் அவருக்கு எது கொடுத்தோம் என்று பார்க்க வேண்டுமாம். கலந்ததைக் கேட்ட பிறகு அப்பாவுக்குக் கொடுத்ததையும் மேலிடத்தில் கேட்டுப் பார்த்தார்கள். மறுபடி என்னை வரச்சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "ரெண்டு பேருக்குமே மாவு மாத்திரைதாம்மா." மாவையும் மாவையும் கலந்து கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு வடிந்தது வழக்கமான மாத்திரைகளால்தான், வீக்கம் ஏறும் இறங்கும், மாமாவின் இதயம் அதற்குமேல் தாங்கவில்லை, யாரும் யாருடையதையும் எடுக்கவில்லை, உடனே பழைய மாத்திரைகளைத் தொடங்காவிட்டால் இவரையும் காப்பாற்றுவது கஷ்டம் என்றாள்.

ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "நீயும் டாக்டரம்மாவும் சேந்து எனக்கு ஆறுதல் சொல்றீங்க. டேப் பொய் சொல்லுமா? கலந்த அப்புறம்தானே வடிஞ்சுது" என்றார். கடைசியில், "என் பையன் அந்த வேலையிலதான் இருக்கான், அவன் சொல்லட்டும் பாப்போம்" என்று முனகினார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதச் சொல்கிறேன்.

நீ பேசு. நீ லேபில் செய்கிற வேலையை வைத்து, அவருக்குப் புரிகிற மாதிரி, கோபப்படாமல் சொல். நீ சேரச் சொன்னதால் வந்தது என்று மனதில் எதையும் போட்டுக்கொள்ளாதே, அப்படி யாரும் நினைக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு பயம் இருக்கிறது. அது மாவு என்று அவர் நம்பிவிட்டால் பழி விட்டுப்போகும், ஆனால் இத்தனை வருஷ சிநேகிதன் தனக்குக் கொடுத்தது வெறும் மாவு என்றும் ஆகிவிடும், அதையும் அவர் தாங்கவேண்டும். அதனால் மாவு என்பதோடு நிறுத்திவிடாதே. மாமா அதை மருந்து என்று நினைத்துத்தான் பாதியைத் தள்ளிக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல். அது பொய்யில்லையே.

பாப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். திரும்பப் படிக்கப் போகச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறாள். வாங்கி வைத்த யூனிபார்ம் துணிகளை அவள்தான் தைத்து முடித்தாள், தையல் நேராக இருக்கிறது, கொடுக்கும்போது மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று நீட்டுகிறாள். நீ ராத்திரியெல்லாம் லேபிலேயே கிடக்காதே. நீயாவது உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நோய்நொடி அண்டாமல், மனசு கலங்காமல், நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும். சாயங்காலம் அப்பா போனைக் கையில் வைத்திருப்பார், அப்போது கூப்பிடு, மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

அண்ணா, இது நானாக எழுதுவது, அம்மாவுக்குத் தெரியாது. மத்தியானம் அப்பா சாய்ந்தபடி தூங்கும்போது அவருடைய டேப்பை எடுத்துக் காலை அளந்தேன். காலைச் சுற்றினால் டேப்பின் முனை பழைய குண்டூசி இருந்த இடத்துக்கு எட்டவே இல்லை, அவ்வளவு வீக்கம். சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், படித்ததும் கூப்பிடு.
பாப்பா