மே ஒன்பதாம் தேதித் தாளில் எழுதாமல் விட்ட வரி

என் பிரியமான மச்சான் தனசேகருக்கு,

நீ போய் இன்றோடு ஒரு வருஷம். காலையில் உப்பளத்து ஆபீஸ் ரேடியோவில் பண்பலைப் பெண் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இதே தேதியில் இசை உலகில் என்னென்ன நடந்தது என்று சொல்வார்களே, நீ காதை ஒட்டவைத்துக் கேட்பாயே, அதே நிகழ்ச்சிதான். எந்தத் தேசத்திலோ யாரோ ஒருவருடைய ரெக்கார்டு வெளிவந்த நாளாம். சென்னையில் ஒரு பாடகி முதன்முதலாக மைக் முன்னால் நின்ற நாளாம். "மத்தபடி பெருசா ஒண்ணும் நடக்கலைங்க, வாங்க பாட்டுக்குப் போகலாம்" என்று முடித்துவிட்டாள்.

பெருசா ஒண்ணும் நடக்கலையாம். கேட்டாயா?

அந்த ரேடியோவைத் தூக்கிப் பாத்தித் தண்ணீரில் எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. ரேடியோ முதலாளியுடையது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியும் அவருடையதுதான். ஆமாம் மச்சான், எனக்கு இப்போது நாற்காலி இருக்கிறது. தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது. லாரியில் ஏறும் உப்பு மூட்டைகளின் எடையை எழுதுகிறேன். இந்த நாற்காலி எனக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னிடம் தனியாகச் சொன்னால் நீ மன்னித்துவிடுவாய். அது எனக்கு வேண்டாம். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

உனக்குத் தெரிந்ததைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மரக்காணம் பக்கத்தில் அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரும் மைக் செட் வாடகைக்கு விடுபவரும் ஒரே முதலாளிதான். விடியற்காலையிலிருந்து அவர் பாத்தியில் நீ உப்பு வாருவாய். சாயங்காலம் அவருடைய கூம்பு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில், காணாமல் போனவர்களின் பெயர்களை அதே ஸ்பீக்கரில் தொண்டை கட்டும்வரை கத்தியவனும் நீதான். அதற்கு உனக்கு நன்றி சொன்னவர்கள் எத்தனை பேர்? மேடையில் சால்வை வாங்கியவர் முதலாளி.

உனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை யாரையும் எறியவிட மாட்டாய். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும், அந்தத் தேதியில் நம் கடற்கரையில் பாட்டு சம்பந்தமாக என்ன நடந்தது என்று விசாரித்து எழுதி வைப்பாய். எந்த வருஷம் என்று யாருக்கும் நினைவிருக்காது. "பெரிய புயலுக்கு மறுவருஷம்", "ரோடு போட்ட வருஷம்" என்று எழுதுவாய். ஆனால் தேதியில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாய். கல்யாணப் பத்திரிகையைக் காட்டு, ரேஷன் கார்டைக் காட்டு என்று கிழவர்களைப் பிடுங்கி எடுப்பாய்.

மே ஒன்பதாம் தேதித் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. மூன்று செய்திகள் எழுதியிருக்கிறாய்.

முதலாவது, ரோடு போட்ட வருஷம். புதுச்சேரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு முதல் ரெக்கார்டு பிளேயர் ஒரு கல்யாணத்துக்கு வந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் மைக் செட்காரர் பதற்றத்தில் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டுவிட்டார். பெண்டாட்டி செத்துப்போன ஒருவன் அழுகிற பாட்டு. பெண்ணின் தாய்மாமன் அவரைக் கடற்கரை வரைக்கும் விரட்டிக்கொண்டு போனார். கீழே நீ எழுதியிருக்கிறாய்: 'அந்தத் தம்பதிக்கு ஆறு பிள்ளைகள். பாட்டு பலிக்கவில்லை.'

இரண்டாவது, பெரிய புயலுக்கு மறுவருஷம். கூனிமேட்டு பாய் ஒருவர் வெளிநாட்டிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். தன் அம்மாவைத் தாலாட்டுப் பாடச் சொல்லிப் பதிவு செய்து போட்டுக் காட்டினார். அந்த அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு, "யா அல்லா, எவடா இவ, என் பாட்டைத் திருடிப் பாடறா?" என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

மூன்றாவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அளத்தில் பூசை. ஸ்பீக்கர் கட்டியிருந்தது. முதலாளி சாப்பிடப் போனதும், கூடை சுமக்கிற கண்ணம்மா அக்காவின் கையில் நீ மைக்கைக் கொடுத்தாய். "பாடுக்கா, எப்பவும் பாடறதுதான, இப்ப கொஞ்சம் சத்தமா கேக்கும், அவ்ளோதான்" என்றாய். அவர் ஒரு நொடி தயங்கினார். அப்புறம் பிடித்துக்கொண்டார்.

"கொட நெழலு மேஸ்திரி, எங்க கூட பாரம் தெரியுமா?
தண்ணி கேட்டா மொறைக்கிறியே, கண்ணுல கெணறு இருக்குதா?"

மற்ற பெண்கள் கூடையை இறக்கிவிட்டுச் சேர்ந்து பாடினார்கள். அளம் முழுக்கக் கேட்டது. ரோட்டில் போன பஸ்கூட நின்றது. மேஸ்திரி குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தப் பெண்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. உனக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. நீ எழுதியது இவ்வளவுதான்: 'எங்கள் அளத்திலிருந்து முதல் நேரடி ஒலிபரப்பு. நாலு நிமிஷம்.' அறையை ஏன்டா எழுதவில்லை என்று கேட்டேன். "அது பாட்டு இல்லியே" என்றாய்.

"அதெப்படிடா, எல்லாமே மே ஒம்பதாம் தேதியே நடக்குது? அளந்து வுடறியா?" என்று உன்னைக் கிண்டல் செய்தேன்.

"எல்லா தேதிலயும்தான்டா நடக்குது. எவனும் எழுதி வெக்கல. அவ்ளோதான்."

பண்பலைக்கு எத்தனை போஸ்ட் கார்டு போட்டாய்! ஒன்றையாவது படித்தார்களா? ஊர் பேர் தெரியாத கண்ணம்மா பாடினால் அது வரலாறு இல்லை. நீ தாளின் அடியில், 'இந்த வருஷம்' என்று எழுதி ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தாய். போன வருஷம் மே ஒன்பது காலையில் எழுதியது அது.

அன்றைக்கு முதலாளி மகள் கல்யாணம். மாலை வரவேற்பு. வெயில் தாழவில்லை. அளத்தில் வேலை முடிந்து நீ நேராக வந்தாய். கால்சட்டை முட்டிவரை உப்புத் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. தெருக்கம்பியில் கொக்கி போட்டு ஸ்பீக்கருக்குக் கரண்டு எடுக்க வேண்டும். இரும்பு ஏணியைக் கம்பத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

"குளிச்சிட்டு வந்துடறேன்ணே. உடம்பெல்லாம் அளத்துத் தண்ணி" என்று நீ கேட்டாய்.

"மாப்ள கார் கோயிலாண்ட வந்துட்ச்சி. உன் கால கழுவி நான் பூசை பண்ணணுமா? ஏறுடா" என்றார் முதலாளி.

நீ ரப்பர் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு ஏறினாய்.

அளத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. பாத்தி வரப்பில் யாரும் செருப்போடு கால் வைக்கக் கூடாது. சேறு ஒட்டினால் உப்பு கறுத்துவிடும், மேஸ்திரி அடிப்பார். பத்து வயதில் பழகுவது. செருப்பை ஜோடியாக, நுனி வெளியே பார்க்கும்படி விட்டுவிட்டு இறங்குவோம். வேலை என்றாலே எங்கள் கால் தானாகச் செருப்பை விட்டுவிடும். கரண்டு வேலைக்குச் செருப்பைக் கழற்றாதே என்று எனக்கு நூறு தடவை சொன்னவன் நீ. அன்று விடியலிலிருந்து உப்பு வாரிய களைப்பில் உன் காலுக்கு ஏணியும் வரப்பாகிவிட்டது. நான் பார்த்தேன் மச்சான். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நானும் அளத்துக்காரன்தானே.

கொக்கி கம்பியில் பட்டதும் கரண்டு அடித்தது; காலில் செருப்பு இருந்த என்னை ஏணி உதறித் தள்ளியதோடு விட்டுவிட்டது. நீ கத்தக்கூட இல்லை. விழுந்தாய்.

உன்னை உப்பு ஏற்றுகிற டெம்போவில் போட்டோம். வண்டி கிளம்புவதற்குள் யாரோ ஸ்பீக்கர் ஒயரை ஜெனரேட்டரில் சொருகிவிட்டார்கள். "பாட்ட நிறுத்தாதீங்கப்பா, கல்யாண வீடு" என்று ஒரு குரல். ஒரு டூயட் பாட்டு. உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஊர் எல்லைவரை அதைக் கேட்டுக்கொண்டே போனேன். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பொம்மையார்பாளையம் தாண்டும்போது நீ இல்லை.

ஜெனரேட்டர் அங்கேயேதான் இருந்தது, மச்சான். முன்னாலேயே அதில் சொருகியிருக்கலாம். டீசல் வீணாகும் என்று விட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மேஸ்திரி போலீஸுக்குக் கொடுக்க ஒரு சாட்சிப் பேப்பரோடு என் வீட்டுக்கு வந்தார். 'தனசேகர் வேலையாள் அல்ல, குடிபோதையில் தானாகவே ஏணியில் ஏறினார்' என்று அதில் இருந்தது.

"இன்னாண்ணே இது? அவன் குடிக்கவே மாட்டானே?" என்றேன். குடித்தால் காது மந்தமாகிவிடும் என்று கல்யாண வீட்டில் நீட்டினால்கூட நீ தொடாதவன்.

"செத்தவனுக்கு எதுக்குப்பா மானம்? நீ ப்ளஸ் டூ பாஸு. எவ்ளோ நாளுக்குப் பாத்தியில கால ஊற வெப்ப? ஆபீஸ்ல ஒரு எடம் காலியா இருக்குது" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். அழகாகவே போட்டேன். அந்த நாற்காலிதான் இந்த நாற்காலி.

போன வாரம் உன் தங்கச்சி மலர் ஆபீஸுக்கு வந்தது. குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை பெருக்குகிறது. வேலை முடித்து அப்படியே வந்திருந்தது. வாசலில் நின்று, "எடை எழுதற ஏழுமலை சார் இருக்காருங்களா?" என்று உரக்கக் கேட்டது. எனக்கு முகம் செத்துப்போயிற்று.

"இன்னா மலரு, சாரு கீருன்னு..."

"ஃபேனுக்குக் கீழ குந்திக்னு இருந்தா சாருதான? எங்கண்ணன் குடிச்சி எப்பனா பாத்துக்கிறியா நீ?"

நான் எடைப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"எனக்கு அவங்க காசு வேணாம். நானே மனு போட்டுட்டேன். 'குடிபோதை'ன்னு எழுதிக்கிறாங்களே, அந்த வார்த்தைய அடிக்கணும். பஸ்ல ஏறினா குடிகாரன் தங்கச்சின்றானுங்க. ரெண்டு வாரம் கழிச்சி திண்டிவனம் சப் கலெக்டர் ஆபீஸ்ல விசாரணை. ஏணியப் புடிச்சவன் நீ. வருவியா, மாட்டியா?"

"யோசிச்சி சொல்றேன்" என்றேன். அதைச் சொன்ன வாயை என்ன செய்வது?

"எங்கண்ணன் ஏணி ஏறச்சொல்லோ யோசிக்க டைம் குடுத்தாங்களா?" என்றது. திரும்பிப் போகும்போது, "அண்ணன் செருப்புகூடக் கெடைக்கல. அன்னிக்குப் போட்டுக்னு வந்தது. எங்கெங்கியோ தேடிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனது.

உன் செருப்பு என்னிடம்தான் இருக்கிறது, மச்சான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது கம்பத்தடியில் அப்படியே கிடந்தது. நீல வார், இடது காலில் ஊக்குப் போட்டது. இரண்டும் ஜோடியாக, நுனி வெளியே பார்த்தபடி. எடுத்துக்கொண்டு வந்து டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தேன். உன் நினைவாக வைத்திருப்பதாக ஒரு வருஷமாக எனக்கே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் வைத்திருந்தேன். பேப்பரில் எழுதினதைப் பொய்யாக்க அந்த ஜோடியே போதுமே. போதையில் தள்ளாடுகிறவன் எவன் செருப்பை இப்படி வரப்பு மரியாதையோடு விட்டுவிட்டு ஏறுவான்?

இன்று மத்தியானம் ரேடியோவை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். நேராக மலரிடம் போனேன். செருப்பைப் பார்த்ததும் அது என்னைத் திட்டும், அடிக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஊக்கை மட்டும் தடவிப் பார்த்தது. "நீயே எடுத்துக்னு வா. நான் எடுத்துக்னு போனா தங்கச்சி பொய் சொல்லுதுன்வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

அடுத்த வாரம் திண்டிவனத்தில், உன் செருப்பை மேசைமேல் வைத்து, நான் போட்ட கையெழுத்து பொய் என்று சொல்வேன். கூடவே ஜெனரேட்டரைப் பற்றியும் சொல்வேன். எனக்குத் தண்டனை என்றால் அதுவும் சரிதான். இது அச்சாகி வருவதற்குள் விசாரணை முடிந்திருக்கும், நாற்காலி போயிருக்கும். படிக்கிறவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால், ஏழுமலை அன்றைக்குப் போனானா என்று மலரைக் கேளுங்கள். என்னைக் கேட்க வேண்டாம். என் பேச்சுக்கு இப்போதைக்கு மதிப்பில்லை.

நீ காலியாக விட்ட கோட்டில் இதை எழுதிவிட்டேன். போஸ்ட் கார்டிலும் எழுதிப் பண்பலைக்குப் போட்டுவிட்டேன். படிக்க மாட்டார்கள் என்று தெரியும்.

'மே ஒன்பது. கடல் வந்த மறுவருஷம். கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டிய தனசேகர் ஏணியிலிருந்து விழுந்து செத்தான். வேலையாகத்தான் ஏறினான். குடிக்கவில்லை. பாட்டை யாரும் நிறுத்தவில்லை. ஏணியைப் பிடித்திருந்தவன் ஏழுமலை.'

இப்படிக்கு,
உன்னை மச்சான் என்று கூப்பிடும் உரிமையைத் திண்டிவனத்தில் போய்த் திரும்ப வாங்க வேண்டியிருக்கிற,
ஏழுமலை