காதோரம் தட்டிய கிண்ணம்

3 பிப்ரவரி
இடது காதை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன். நேற்று மத்தியானம் பாத்திரக் கடையை அடைத்துவிட்டு மூலக்குளம் வீட்டுக்கு வந்தேன். விற்க வாங்கிய, தட்டினால் மணிபோல ஒலிக்கும் தியானக் கிண்ணம் ஒன்றைக் காதோரம் பிடித்துத் தட்டினேன். பித்தளைப் பாத்திரத்தில் கீறல் பார்க்கத் தட்டுவோமே, அதே தட்டு. ஓசை நீண்டால் வார்ப்பு நல்லது. இது நீண்டுகொண்டே போனது. மனசு இலேசானது. இன்னும் பலமாக, இன்னும் கிட்டத்தில் தட்டினேன். கிண்ணம் இப்போது அலமாரியில். இரைச்சல் காதுக்குள்.

4 பிப்ரவரி
நிற்கவில்லை.

5 பிப்ரவரி
காது டாக்டர், "என்ன பாய், பட்டாசா? தீபாவளி முடிஞ்சி இவ்ளோ நாள் ஆச்சே?" என்றார். சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். கேட்கும் திறன் குறைந்திருக்கிறதாம். மாத்திரை. இயர்போன், பெரிய சத்தம் கூடாது. உடனே வந்தது நல்லது என்றார்.

ஏன் தட்டினேன் என்று அவர் கேட்கவில்லை. மனைவி பாத்திமா மௌத்தாகி, அவளை அடக்கம் செய்து வருஷம் ஆகப்போகிறது. கடையில் நாள் முழுக்கக் கணகணவென்று சத்தம். வீட்டுக் கதவைத் திறந்தால் ஒன்றுமில்லை. அதற்குத்தான்.

9 பிப்ரவரி
பிரான்சிலிருந்து மகன் ஷஃபீக் பேசினான். போனை வலது காதில் வைத்துக்கொண்டேன். "என்ன அத்தா, குரலே ஒரு மாதிரி இருக்கு?" லைன் சரியில்லை என்றேன்.

13 பிப்ரவரி
கிண்ணம் இல்லாமல் உட்கார்ந்து பார்த்தேன். போன் வீடியோவில் ஒருவன் சொல்லித் தருகிறான்: கண்ணை மூடு, மூச்சைக் கவனி, எது வந்தாலும் எழுந்திருக்காதே. வந்தது. ஆஸ்பத்திரி வராந்தா. சில்லென்று அவள் கை. மூச்சு முட்டுது, நெஞ்சு அடிச்சிக்குது — எழுந்திருக்காதேன்னானேன்னு உக்காந்தே இருக்கேன். யாருக்குப் பயந்து? கதவு உள்ளே தாழ். விழுந்திருந்தா எவனுக்குத் தெரியும்?

15 பிப்ரவரி
இசிஜி எடுத்தேன். இருதயத்தில் கோளாறு இல்லை. பயந்ததை யாரிடமாவது சொல்லலாமென்று பார்த்தால், போன் முழுக்க வாடிக்கையாளர்கள்.

18 பிப்ரவரி
காலாப்பட்டில் தியான வகுப்பு நடத்தும் சிவசங்கரி கடைக்கு வந்தார். கிண்ணங்கள் என்னிடம்தான் வாங்குவார். பேரத்தின்போது நான் வலது காதையே திருப்பித் திருப்பிக் கேட்டதைக் கவனித்துவிட்டார். மறைக்க முடியவில்லை. நெஞ்சு படபடத்தது வரை சொன்னேன்.

"காதுல வச்சி யாராவது தட்டுவாங்களா பாய்? கிண்ணம் ஹாலோட அந்தக் கோடியில இருக்கணும்."

"வார்ப்பு பாக்கத் தோணுச்சிம்மா."

"நல்லாப் பாத்தீங்க. இனிமே எந்திரிக்கணும்னு தோணுனா எந்திரிச்சிடுங்க. கண்ண மூடியே ஆகணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. துக்கத்துல இருக்கறவங்கள நான் தனியா உக்கார விடறதே இல்ல."

போகும்போது, டவுனில் வகுப்பு நடத்த இடம் கிடைக்கவில்லை என்றார்.

23 பிப்ரவரி
ஷஃபீக்கிடம் எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.

27 பிப்ரவரி
கடை மாடியிலிருந்த சரக்கைக் கீழே இறக்கினேன். சிவசங்கரியோடு பேசி முடித்தது: செவ்வாயும் சனியும் காலையில், கடை திறக்குமுன் அங்கே வகுப்பு. மாடிக்கு வாடகை இல்லை, எனக்குக் கட்டணம் இல்லை. கிண்ணம் அந்தக் கோடியில், மெல்லத்தான் தட்டுவார். காதில் இரைச்சல் கூடினால் அன்றைக்கு ஓசையே கிடையாது. என் நாற்காலி கதவோரம். கண் திறந்தபடி, கொஞ்ச நேரம் போதும். முடியாவிட்டால் யாரையும் கேட்காமல் எழுந்து போகலாம். கடைசியில் அவர் இன்னொரு நிபந்தனை சேர்த்தார்: வகுப்பு முடிந்ததும் எல்லோரோடும் உட்கார்ந்து டீ குடித்த பிறகுதான் நான் கீழே இறங்கலாம். டீ என் செலவு.