பிலோமி என்று எழுதிய கப்பி

ஜூலை 3, புதன்

என் வீட்டுக்காரர் இனிகோவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள். கை கழுவிய ஈரத்தோடு அருமைநாயகம் அண்ணாச்சி வந்தார். கடையில் பாதிப் பணம் அவருடையது. "ஏளா பிலோமி, கடையை நான் எடுத்துக்கிடுதேன். இருக்கிற சரக்குக்கு விலை போட்டுப் பாதியை ஒன் கையில தந்திருதேன்" என்றார். சரி என்றேன். கயிறும் வலையும் விற்க எனக்கு என்ன தெரியும்?

ஜூலை 5, வெள்ளி

கணக்குப் பார்க்கும் சங்கரபாண்டியன் தம்பி வந்தார். வாங்கிய விலை, இன்று விற்கிற விலை, இரண்டில் எது குறைச்சலோ அதுதான் சரக்கின் மதிப்பாம். பில் புத்தகம் போன வெள்ளத்தில் கூழாகிவிட்டது. நாலு பில்தான் தப்பியது. சரக்கில் கட்டிய விலைச் சீட்டுகளில் என் வீட்டுக்காரர் எண்ணே போடவில்லை. கொ, டு, வா என்று எழுத்துகள்தான். வாங்கிய விலை வெளியே தெரியக் கூடாதாம். எனக்கும் சொல்லவில்லை.

"அப்போ காயலான் கடை விலைதான். ஒன்றரை லட்சம் தேறும்" என்றார் அண்ணாச்சி. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்.

ஜூலை 6, சனி

ஒரு கப்பியின் சீட்டில் பிலோமி என்று இருந்தது. "ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருப்பாரு அக்கா" என்றார் தம்பி. கயிறு இழுக்கிற கப்பி எனக்கு எதற்கு? வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தலைமாட்டில் வைத்தேன்.

ஜூலை 7

கிரீஸ் நாற்றம். துடைக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

இன்னும் ஆறு கப்பி. ஆறிலும் பிலோமி. ஏழு கப்பியை வைத்து நான் என்ன செய்ய? இருந்தா கேட்டிருப்பேன்.

ஜூலை 11, வியாழன்

இன்று தார்ப்பாய் எண்ணினோம். ஒன்று நானும் கூடப் போய் வாங்கியது. நானூற்று ஐம்பது. பஸ் முழுக்கச் சண்டை, அதனால் ஞாபகம். சீட்டைத் தம்பிக்கு வாசித்தேன். சோ. று. ளா.

சோறு – ளா.

மறுபடி வாசித்தேன்.

தினம் ஒரு மணிக்குக் கடையிலிருந்து போன் வரும். ஹலோ கிடையாது. "பிலோமி சோறு கொண்டு வாளா." வைத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷம்.

அந்தப் பேச்சையே விரல் விட்டு எண்ணினேன். பத்து எழுத்து. பி ஒன்று, லோ இரண்டு, மி மூன்று, சோ நாலு, று ஐந்து. கடைசி ளா சைபர். தப்பிய நாலு பில்லோடும் ஒத்துப் பார்த்தார் தம்பி. நாலும் சரி.

அப்போ அந்தக் கப்பி எனக்கு எடுத்து வைத்தது இல்லை. நூற்று இருபத்து மூன்று ரூபாய்.

பாவி மனுசா.

ஜூலை 19, வெள்ளி

சீட்டெல்லாம் வாசித்து விலை போட்டாயிற்று. மொத்தச் சரக்கு ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம். என் பாதியைத் தர அண்ணாச்சியிடம் பணம் இல்லை. "நீயே கடையில இருந்துக்கோளா" என்றார். இந்தத் தடவை வருத்தம் நிஜம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

புதுக் கயிறு வந்தது. சுருள் அறுநூற்று எண்பது. சீட்டு எழுதிக் கட்டினேன்: கொடுளா.

மதியம் தம்பி இருப்பு எடுத்தார். "கப்பி ஒண்ணு குறையுதே அக்கா?"

"வீட்டுல இருக்கு."

"விக்கிற விலை என்ன போட?"

"அது விக்கிறதுக்கு இல்ல. வாங்குன விலையே போடுங்க."

பிலோமி என்று எழுதிக்கொண்டார்.

மணி ஒன்று. காலையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் திறந்தேன்.