ஒன்று என்று சொன்னாயே

என் மீன்காரனுக்கு,

நீ குளிக்கும் நேரத்தில் இதை எழுதி உன் மேலங்கிப் பையில் வைக்கிறேன். கடையில் கூட்டம் குறைந்ததும் படி.

வோலோஸ் சந்தையில் யாராவது "இன்னைக்குப் பிடிச்சதா?" என்று கேட்டால், "இல்லம்மா, நேத்து மீன்" என்று சொல்லியே வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறவன் நீ. அப்பேர்ப்பட்ட நீ, திங்கட்கிழமை என் இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிவந்து, முகம் மாறாமல், "அந்த சி.இ.ஏ. வெறும் ஒண்ணுதான்டி! குடல்ல புத்துநோய் இருந்த தடமே இல்ல!" என்றாய். பக்கத்து வீட்டு எவ்தோகியாவைக் கூப்பிட்டுச் சாராயம் ஊற்றினாய். அவள் அழுதேவிட்டாள். நான் அசந்துபோனேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடுத்த முதல் பரிசோதனையில் எனக்கு அந்த சி.இ.ஏ. எண், புற்றுநோய் இருந்தால் ஏறுமே அது, நாலு வந்தது. அப்போது நீ வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாய். டாக்டர் என்னைத் திட்டினார். "சிகரெட்டை விடமாட்டேங்கறீங்க. பிடிக்கிறவங்களுக்கு இந்த எண் சும்மாவே கொஞ்சம் கூடத்தான் இருக்கும். உங்களுக்கு நாலுங்கறதே நல்ல சேதி, அதுக்குக் கீழ எதிர்பார்க்காதீங்க."

நான்தான் இன்னும் தினமும் காப்பியோடு பால்கனியில் ஊதிக்கொண்டிருக்கிறேனே.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்கமாட்டேன். அந்த முகத்தைத் தயார் செய்துகொள்ள மாடிப்படியில் எவ்வளவு நேரம் நின்றாயோ, அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்த தடவை நாலு என்று சொல். நான் நம்பிவிடுகிறேன்.

உன் பொய்யில் மயங்கிப்போன
உன் மனைவி