எக்ஸ்ரேயில் ஓடும் வெள்ளைக் கோடு

12.6.2003

என் கணவர் வாயைத் திறக்காமலே என்னை மலடி ஆக்கிவிட்டார்.

இன்று நிலக்கோட்டையில் நாத்தனாருக்கு வளைகாப்பு. நான் வளையல் போடப் போனபோது மாமியார் என் கையைத் தட்டிவிட்டார். தன் பையிலிருந்து என் கருக்குழாய் எக்ஸ்ரேயை எடுத்து, எல்லாப் பெண்களும் பார்க்க டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.

“இந்தா, ரெண்டு பக்கமும் வெள்ளக் கோடு ஓடுதுல்ல? அம்புட்டும் அடைப்பு. இவ கை பட்டா என் மக வெளங்குவாளா? நத்தத்துல என் மகனுக்கு வேற பொண்ணு பாத்தாச்சு.”

“அந்தப் படத்தச் சட்டம் போட்டு மாட்டிரு மதினி” என்று ஒருத்தி சிரித்தாள்.

அந்த வெள்ளை, உள்ளே செலுத்திய மருந்து தடையில்லாமல் ஓடிய தடம். போன வாரம் திண்டுக்கல் டாக்டரம்மா அதைக் காட்டித்தான் சொன்னார்: “ரெண்டு குழாயும் நல்லா தொறந்திருக்கும்மா. நீர்க்கட்டியாலதான் முட்டை சரியா வரல, அதுக்கு மாத்திரை இருக்கு. அடுத்து உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுக்கணும்.” அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

அதே மனிதர் இன்று வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: “அது அடைப்பு இல்லன்னு உங்க அம்மாகிட்டச் சொல்லுங்க. நாளைக்கு டெஸ்ட்டுக்கு வாரீங்களா, மாட்டீங்களா?”

அவர் கண்டக்டரைக் கூப்பிட்டு, வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் போகுமா என்று கேட்டார்.